தெருவுக்கு நிழல் வேண்டும் என்றால்

சென்னையில் மரக்கன்று நடும் விழாக்களுக்குப் பஞ்சமே இல்லை. நட்ட கன்று அடுத்த கத்திரி வெயிலைத் தாண்டுவதுதான் அபூர்வம். பெரும்பாலும் அது சாவது, எதிர்வீட்டில் அதைத் தன்னுடையது என்று நினைக்க ஆள் இல்லாததால். ஆகவே தெருவை மீட்க நினைக்கும் ஐந்தாறு பேர் நர்சரிக்குப் போகும் முன் வீடு வீடாகப் போக வேண்டும். ஆள் சேர்ந்த பிறகே மரம்.

முதல் வேலை, தெருவை உட்கார்ந்து பார்ப்பது. ஒரு வேலை நாளிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையிலும் காலை, உச்சிவேளை, மாலை என்று மூன்று நேரம் போதும். யார் நடக்கிறார்கள், யார் எங்கே நிற்கிறார்கள், மதியம் எந்தப் பக்கம் வெயில் கொளுத்துகிறது, எந்த வண்டி மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மின்கம்பி, தெருவிளக்கு, மின்பெட்டி, மழைநீர் வடிகால், வீட்டு கேட் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். இஸ்திரி வண்டிக்காரரையும் கீரைக்கார அம்மாவையும் கேட்காமல் அந்தத் தாள் முழுமையாகாது. தெருவை நாள் முழுக்கப் பார்ப்பவர்கள் அவர்கள்தான். அவர்களை அப்புறப்படுத்துவதை மீட்பு என்று நினைக்கும் குழு தவறான இடத்தில் தொடங்குகிறது. அவர்கள் பிழைப்புக்கு 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் பாதுகாப்பு தருகிறது. முதல் மரத்தின் நிழல் இஸ்திரி வண்டிமேல் விழட்டும்.

அடுத்து, ஒரு ஞாயிறு காலை, 6 மணியிலிருந்து 9 மணி வரை, தெருவில் வண்டி ஓட்டத்தை நிறுத்துங்கள். கொலம்பியாவின் பொகோட்டா நகரம் 1974-லிருந்து இதைச் செய்துவருகிறது. குர்கானில் 2013-லும், நம் பெசன்ட் நகரில் 2014-லும் தொடங்கினார்கள். அவை பெரிய சாலைகள். நீங்கள் ஒரு முட்டுச்சந்தில் தொடங்கினாலே போதும். காவல் நிலையத்துக்கும் போக்குவரத்துப் போலீசுக்கும் கடிதம் கொடுத்து அனுமதி வாங்குங்கள். கவுன்சிலரிடம் நேரில் சொல்லுங்கள். ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு வீட்டுக்கும் துண்டுச்சீட்டு போக வேண்டும். அன்று தெருவின் இரு முனையிலும் இரண்டு பேர் நிற்கட்டும். வெளியே போயே ஆக வேண்டிய வண்டிக்கு முன்னால் ஒருவர் நடந்து வழிவிட்டு அனுப்பலாம். ஆம்புலன்ஸ் வந்தால் நிற்காமல் போகும்படி நடுவில் 12 அடி எப்போதும் காலியாக இருக்க வேண்டும். நாற்காலிகளை ஓரமாகவே போடுங்கள்.

மேடை, ஒலிபெருக்கி, சிறப்பு விருந்தினர் எதுவும் வேண்டாம். பிள்ளைகள் பாண்டி ஆடட்டும், சைக்கிள் பழகட்டும். பெரியவர்கள் ஓரத்தில் உட்காரட்டும், ஒரு பானை நீர்மோர் இருக்கட்டும். "அப்போ எங்க வண்டியை எங்கே விடுறது?" என்று ஒருவர் நிச்சயம் கோபப்படுவார். வாதாட வேண்டாம். மூன்று மணி நேரம்தான் என்று சொல்லி, அவர் வண்டிக்குப் பக்கத்துத் தெருவில் இடம் பார்த்துக் கொடுங்கள். அன்று தெருவில் இறங்கியவர்கள்தான் பின்னால் தண்ணீர் ஊற்றப் போகிறவர்கள். பேரும் கதவெண்ணும் அன்றே எழுதிக்கொள்ளுங்கள்.

புதிய கன்றுக்கு முன் பழைய மரங்களைக் கவனியுங்கள். ஆணி, விளம்பரத் தகடு, அலங்கார விளக்கின் கம்பி ஆகியவற்றைக் கழற்றுவது ஒரு காலை வேலை. அடிமரத்தை நெரிக்கும் சிமென்டை மாநகராட்சிக்குத் தெரிவித்துவிட்டு, உளியும் சுத்தியலும் கொண்டு மெல்ல உடைத்தெடுக்க வேண்டும். இயந்திரம் வேரை அறுத்துவிடும். டெல்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்கு சிமென்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவிட்டது. உங்கள் மனுவில் அதைக் குறிப்பிடலாம்.

தெருவோர நிலம் மாநகராட்சியுடையது. நடும் இடங்களைக் குறித்த வரைபடத்தோடு மண்டல அலுவலகத்துக்கு மனு கொடுங்கள். தோண்டும் இடத்தில் கேபிளோ குடிநீர்க் குழாயோ ஓடுகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். 2022-லிருந்து நகரங்களில் நடக்கும் பகுதி சபைக் கூட்டத்திலும் இதை வையுங்கள்.

மரத் தேர்வில் அவசரம் கூடாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னை ஆயிரக்கணக்கான மரங்களை இழந்தது. தூங்குமூஞ்சி, மயில்கொன்றை போல விரைந்து வளரும் வெளிநாட்டு மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. மின்கம்பி இல்லாத பக்கம் புங்கை, வேம்பு, மகிழம் வைக்கலாம். கடற்காற்று அடிக்கும் தெருவுக்குப் பூவரசும் புன்னையும் தாங்கும். கம்பிக்குக் கீழே மந்தாரை, பவளமல்லி போன்ற சிறிய மரங்களே சரி. ஆலும் அரசும் கோயில் வெளிக்கும் ஏரிக்கரைக்கும் உரியவை. குறுகிய தெருவில் அவை சுவரைப் பிளக்கும். குஜராத் 2023-ல் தடை செய்த கொனோகார்ப்பஸ் பக்கமே போக வேண்டாம்.

ஆவணி, புரட்டாசியில் நட்டால் வடகிழக்குப் பருவமழைக்குள் வேர் ஓரளவு பிடித்துவிடும். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த கன்றாக வாங்குங்கள். மூன்றடிக்கு மூன்றடி குழி, செம்மண்ணோடு மக்கிய உரம். மூங்கில் கழியோடு சணல் கயிற்றால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டி, மாட்டுக்கும் ஆட்டுக்கும் எட்டாதபடி கூண்டு போடுங்கள். சருகு மூடாக்கு அவசியம், ஆனால் தண்டைத் தொடாமல். இரண்டு மரங்களுக்கு இடையே 15 முதல் 20 அடி விடுங்கள். தெருமுனை, ஓட்டுநர் கண்ணை மறைக்காமல் காலியாக இருக்கட்டும்.

இனி இரண்டு கோடைகள். ஒவ்வொரு கன்றுக்கும் இரண்டு வீடு, ஒன்று ஊருக்குப் போனால் மற்றொன்று. மழையில்லாத நாட்களில் ஒன்றுவிட்டு ஒருநாள் ஒரு வாளி தண்ணீர். அரிசி கழுவிய தண்ணீரும் ஏ.சி. சொட்டும் தண்ணீரும் நல்லது. ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரைத் தொடர்ந்து ஊற்றினால் மண்ணில் உப்பு ஏறும்.

குப்பை கொட்டும் மூலையைப் பற்றி 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் சொன்னால் மாநகராட்சி அள்ளிவிடும். மறுநாள் மறுபடி குவியும். அள்ளிய அன்றே அங்கே ஒரு கல்பெஞ்சு போட்டு, மாலையில் நாலு பேர் உட்காருங்கள். அது மட்டும்தான் பலிக்கிறது. தூய்மைப் பணியாளர் வரும் நேரத்தை எல்லா வீடுகளுக்கும் சொல்லுங்கள், குடிக்கத் தண்ணீர் கொடுங்கள், அவர் வேலையைக் கூட்டும் எதையும் அவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

கடைசியாக, சாலை போடும் நாள். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிது போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலர் அறிவுறுத்தினார். அது நடக்கிறதா என்று பார்க்கவும், அடிமரம் வரை தாரோ சிமென்டோ வராமல் மூன்றடி மண் விடச் சொல்லவும் குழுவில் இருவர் அன்று விடுப்பு எடுத்தாவது தெருவில் நிற்க வேண்டும். வேலை பெரும்பாலும் இரவில் நடக்கும்; ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர் எண்ணை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.