1-5-3-6-2-4: என்ஜினின் 'ஃபயரிங் ஆர்டர்' அறிவோம்

சிக்கல் பக்கம் வயலில் ஓடும் டிராக்டர், மூக்கையூரில் நிற்கும் விசைப்படகு, ராமநாதபுரம் போகும் பஸ் – மூன்றுக்கும் உயிர் டீசல் என்ஜின்தான். அதன் சிலிண்டர்கள் எரியும் வரிசைக்குப் பெயர் 'ஃபயரிங் ஆர்டர்'. இது மெக்கானிக் சமாச்சாரம்னு விட்டுடாதீங்க. பம்ப் வேலை முடிந்து வரும் என்ஜினைச் சரிபார்க்க உங்களுக்கும் உதவும்.

வரிசை எதற்கு?

காற்றை இழுப்பது, அழுத்துவது, எரிப்பது, புகையைத் தள்ளுவது ஆகிய நான்கும் முடிய, கிராங்க் ஷாஃப்ட் 2 சுற்று, அதாவது 720 டிகிரி சுற்ற வேண்டும். அதற்குள் ஒவ்வொரு சிலிண்டரும் ஒருமுறை எரியும். 6 சிலிண்டர் என்றால் 120 டிகிரிக்கு ஒன்று. நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும்போது நொடிக்கு 75 முறை எரிகிறது! பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்களே தொடர்ந்து எரிந்தால், அந்த இடத்து பேரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் சுமை கூடும். அதனால்தான் மாற்றி மாற்றி எரிய வைக்கிறார்கள்.

நேர்வரிசை 6 சிலிண்டருக்குப் பெரும்பாலும் 1-5-3-6-2-4. 4 சிலிண்டருக்குப் பெரும்பாலும் 1-3-4-2.

ஞாபகம் வைக்க ஒரு வழி

6 சிலிண்டர் வரிசையை இரண்டாகப் பிரியுங்க: 1-5-3, 6-2-4. மேலும் கீழுமாக எழுதிக் கூட்டினால் எல்லாம் 7 வரும். இந்த ஜோடிகளின் பிஸ்டன்கள் ஒன்றாகவே ஏறி இறங்கும். 6-ம் சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் ஆடும்போது, எரியப் போவது 1-ம் சிலிண்டர்.

எங்கே தப்பு நடக்கும்?

டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. இன்ஜெக்டர் டீசலைத் தெளிக்கும் நேரம்தான் எல்லாம். ரோட்டரி பம்பைக் கழற்றி மாட்டும்போது குழாய்கள் இடம் மாறினால், தப்பான நேரத்தில் டீசல் இறங்கும். என்ஜின் நடுங்கும், புகை தள்ளும், இழுவை குறையும். வயலில் என்றால் வேலைதான் நிற்கும். கடலில் என்றால் படகு காற்றுப்போக்கில் எல்லை தாண்டிவிடக்கூடும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* கழற்றும் முன் குழாய்களை செல்போனில் படம் எடுங்கள். ஒவ்வொன்றிலும் பெயின்ட்டால் எண் போடுங்கள்.
* உங்கள் என்ஜினின் வரிசையையும், 1-ம் சிலிண்டர் எந்தப் பக்கம் என்பதையும் கையேட்டில் பாருங்கள்.
* வேலை முடிந்ததும் கரையிலேயே ஓட்டிப் பாருங்கள்.
* கடலில் என்ஜின் நின்றால் கடலோரக் காவல்படையை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தை 1093 எண்ணில் அழைக்கலாம். இரண்டையும் இப்பவே போனில் பதிஞ்சு வையுங்க.

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் இதை முறையாகக் கற்க, ஐ.டி.ஐ.க்களில் ஓராண்டு 'மெக்கானிக் டீசல்' பயிற்சி இருக்கிறது. வீட்டில் யாருக்காவது ஆர்வம் இருந்தால் சொல்லுங்க.