'26 விழுக்காடு' என்றால் எத்தனை பேர்?

மருத்துவ ஆய்வுச் செய்திகளைப் படிக்கும் முறை

"இம்மாத்திரையால் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 26 விழுக்காடு அதிகரிக்கிறது" என்ற செய்தியை நாளிதழில் காணும் ஒருவர், அன்றிரவே மாத்திரையை நிறுத்திவிடக்கூடும். நூறு பேர் உட்கொண்டால் இருபத்தாறு பேருக்குப் புற்றுநோய் வரும் என்று அவர் பொருள் கொண்டிருப்பார். செய்தியில் உள்ள எண் பொய்யன்று. அவர் கொண்ட பொருள்தான் பிழை. இவ்வேறுபாட்டை அறிந்திருப்பது நோயாளிக்கும் அவரைப் பேணும் குடும்பத்தாருக்கும் நல்லதொரு பாதுகாப்பாகும். உலகறிந்த ஓர் ஆய்வைக் கொண்டு இதனைப் பயில்வோம்.

ஆய்வின் பின்னணி

மாதவிடாய் நின்ற பெண்களின் உடலில் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் குறைகிறது. அதனை மாத்திரையாக அளித்தால் மாரடைப்பைத் தடுக்கலாம் என்று சென்ற நூற்றாண்டின் இறுதியில் மருத்துவர் பலர் நம்பினர். இதனைச் சோதிக்க அமெரிக்காவில் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்னும் பேராய்வின் ஒரு பகுதியாக, 50 முதல் 79 வயது வரையுள்ள 16,608 பெண்கள் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினர் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையையும், மற்றப் பிரிவினர் மருந்தில்லாத போலி மாத்திரையையும் பெற்றனர். சராசரியாக 5.2 ஆண்டுகள் கண்காணித்த நிலையில், நன்மையைவிடத் தீமை மிகுந்திருந்தமையால் இச்சோதனை முன்னதாகவே நிறுத்தப்பட்டது. முடிவுகள் 2002 ஜூலையில் வெளியாயின.

இத்தகைய ஆய்வைப் பற்றி நாம் கேட்க வேண்டிய வினாக்கள் நான்கு.

1. யாரை யாரோடு ஒப்பிட்டனர்?

மாத்திரை இதயத்தைக் காக்கும் என்ற நம்பிக்கை, பெண்களைக் கண்காணித்து மட்டும் வந்த ஆய்வுகளிலிருந்து பிறந்தது. 1976இல் தொடங்கிய அமெரிக்கச் செவிலியர் ஆய்வு அவற்றுள் ஒன்று. ஹார்மோன் உட்கொண்டோர்க்கு மாரடைப்பு குறைவு என்பதை அவை கண்டன. ஆயினும், தாமாக விரும்பி மாத்திரை உட்கொண்ட பெண்கள் பொதுவாகக் கல்வியும் வருவாயும் மிக்கவர்கள், உடல்நலத்தில் கருத்துடையவர்கள். அவர்களைக் காத்தது மாத்திரையா, வாழ்க்கை முறையா என்று பிரித்தறிய இயலவில்லை.

2002இன் ஆய்விலோ, யாருக்கு எந்த மாத்திரை என்பதைக் குலுக்கல் போன்ற முறையே தீர்மானித்தது. அதனால் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒத்த தன்மையினராயினர். எஞ்சிய முதன்மையான வேறுபாடு மாத்திரை ஒன்றே. அப்போது மாரடைப்பு குறையவில்லை, சற்றே கூடியது.

2. எத்தனை பேரில் எத்தனை பேர்?

போலி மாத்திரை பெற்ற பெண்கள் 10,000 பேரை ஓராண்டு கவனித்தால் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டது. ஹார்மோன் பெற்றோரில் அது 38. முப்பதோடு எட்டைக் கூட்டுவது ஏறத்தாழ 26 விழுக்காட்டு உயர்வு. இஃது ஒப்பீட்டு இடர். 10,000 பேருக்கு ஆண்டொன்றுக்கு 8 பேர் கூடுதல் என்பது தனி இடர். இரண்டும் உண்மையே, ஆனால் முதலாவது அச்சுறுத்துகிறது, இரண்டாவது விளக்குகிறது.

நன்மையையும் இவ்வாறே எண்ணுதல் வேண்டும். அதே 10,000 பேரில் மாரடைப்பு முதலிய இதயநோய்கள் 30இலிருந்து 37ஆகவும், பக்கவாதம் 21இலிருந்து 29ஆகவும் உயர்ந்தன. இடுப்பெலும்பு முறிவோ 15இலிருந்து 10ஆகக் குறைந்தது.

எட்டுப் பேர் என்பது சிறிய எண் என்று தள்ளிவிடவும் கூடாது. நோயில்லாத இலட்சக்கணக்கானோர்க்குத் தடுப்பு மருந்தாக ஆண்டுக்கணக்கில் கொடுக்கும்போது அது பெருந்தொகையாகும். கடும் தொல்லைக்குச் சில காலம் மருந்து தேடும் ஒருவர் அதே எண்ணை வேறு தராசில் நிறுப்பார்.

3. எண் எவ்வளவு உறுதியானது?

எந்த ஆய்வும் உலகிலுள்ள அனைவரையும் சோதிப்பதில்லை. ஆகவே அதன் விடை ஒரு மதிப்பீடே. மதிப்பீட்டோடு ஒரு வீச்சையும் ஆய்வாளர் தருவர். அது நம்பிக்கை இடைவெளி எனப்படும். மேற்கண்ட 26 விழுக்காட்டுக்குரிய வீச்சு ஏறத்தாழ 0 முதல் 59 விழுக்காடு வரை. அதாவது, உண்மையான உயர்வு மிகச் சிறிதாகவும் இருக்கலாம், இருமடங்கு பெரிதாகவும் இருக்கலாம். வீச்சு குறுகக் குறுக விடையின் துல்லியம் மிகும். பங்கேற்றோர் தொகை சிறிதாயின் வீச்சு அகலும்.

4. பங்கேற்றவர்கள் நம்மைப் போன்றவர்களா?

அப்பெண்களின் சராசரி வயது 63. பெரும்பாலோர் மாதவிடாய் நின்று பல்லாண்டுகள் கடந்தவர்கள். ஐம்பது வயதில் உடல் வெப்பத்தாலும் உறக்கமின்மையாலும் துன்புறும் ஒருவருக்கு அதே முடிவை அப்படியே பொருத்துதல் முறையன்று. வயது, பிற நோய்கள், மருந்தின் வகை, அளவு, உட்கொள்ளும் காலம் ஆகியவை மாறினால் விடையும் மாறக்கூடும்.

குடும்பத்தார் செய்யத்தக்கவை

அச்சமூட்டும் செய்தியைக் கண்டால் அதனை வெட்டி எடுத்து வைத்து, அடுத்த வருகையின்போது மருத்துவரிடம் காட்டுங்கள். "இம்மருந்தின்றி என்னைப் போன்ற ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு இந்நோய் வரும்? மருந்தோடு எத்தனை பேருக்கு வரும்?" என்று கேளுங்கள். இவ்வினாவைக் கேட்கப் புள்ளியியல் கற்றிருக்க வேண்டுவதில்லை. கேட்கத் தயங்கவும் வேண்டுவதில்லை.

அதுவரை மருந்தைத் தாமாக நிறுத்தாதீர்கள். வலிப்பு மருந்து, ஸ்டீராய்டு, சில இரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியவற்றைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே இடராகலாம். ஐயம் அவசரமானதாயின், அடுத்த வருகைக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனையைத் தொடர்பு கொள்ளுங்கள்.