தோரியம்: விளக்கில் எரிந்தது, மண்ணில் கிடப்பது

அந்தக் காலத்தில் சாமி ஊர்வலத்துக்கு முன்னால் காஸ் விளக்கு தூக்கிப் போவார்கள் என்று தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீங்க. அதன் நடுவில் தொங்கும் வெள்ளைப் பைதான் மேன்டல். பழைய மேன்டலில் பெரும்பகுதி தோரியம் ஆக்சைடு. சுமார் 3,300 டிகிரி செல்சியஸ் வரை அது உருகாது. ஆனால் தோரியம் கதிரியக்கத் தனிமம்! அதுதான் இந்த மாதப் பாடம்.

பெயர்: அணு எண் 90. 1829-இல் சுவீடன் நாட்டு பெர்சிலியஸ், நார்வேயில் கிடைத்த கறுப்புக் கல்லில் இதைக் கண்டுபிடித்தார். அங்குள்ள இடித் தெய்வமான 'தோர்' பெயரை வைத்தார். நமக்கு இந்திரன் மாதிரி. இதன் கதிரியக்கத்தை 1898-இல் ஷ்மிட், மேரி கியூரி இருவரும் தனித்தனியாகக் கண்டறிந்தார்கள்.

தன்மை: தோரியம்-232-இன் அரை ஆயுள் சுமார் 1,405 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயதே ஏறக்குறைய 1,380 கோடிதான்! அதாவது மிக மெதுவாகச் சிதைகிறது. அது விடும் ஆல்பா கதிரை ஒரு தாளே தடுத்துவிடும். ஆனால் தூசியாக மூச்சில் உள்ளே போனால் ஆபத்து. சிதையும் வழியில் காமா கதிரும் தோரான் வாயுவும் வரும். கடைசியில் காரீயமாகி நிற்கும்.

நம் நாட்டில்: பூச்சோங் ஈயக்குட்டைகளைப் பார்த்திருப்பீங்க. ஈயத் தாதுவை அலசி எடுத்தபின் மிஞ்சும் கனமான மணலை 'அமாங்' என்பார்கள். அதில் இருக்கும் மோனசைட்டில் அரிய மண் தனிமங்களோடு தோரியமும் உண்டு. ஈப்போ அருகே புக்கிட் மேராவில் ஏஷியன் ரேர் எர்த் ஆலை 1982-இல் மோனசைட்டைப் பிரிக்கத் தொடங்கியது. தோரியம் கழிவாக மிஞ்சியது. ஊர் மக்கள் 1985-இல் வழக்குப் போட்டார்கள். 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை நிறுத்தச் சொன்னது. 1993-இல் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆனாலும் 1994-இல் ஆலை மூடப்பட்டது.

அப்போ தோரியம் கெட்டதா? கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் இதே மோனசைட்தான். தோரியம் நியூட்ரானை ஏற்று, இரண்டு படிகளில் யுரேனியம்-233 ஆகும். கல்பாக்கத்தில் 1996-இல் இயங்கத் தொடங்கிய 'காமினி' ஆய்வு உலைக்கு அதுதான் எரிபொருள்.

பொருள் ஒன்றுதான், கையாளும் விதம்தான் வேறு. நாளைக்கு நம்மில் பலர் ஆலைகளில் வேலைக்குப் போவோம். "இதன் மிச்சம் எங்கே போகுது?" என்று முதல் நாளே கேளுங்கள். அதுவும் தர்மம்தான்.

கலந்துரையாட: உங்கள் வட்டாரத்தில் முன்பு ஈயம் எடுத்த நிலத்தில் இன்று என்ன இருக்கிறது?