வார்டுக்கு எத்தனை செவிலியர்? எந்தக் கணக்கு எந்த வார்டுக்கு

ஒரு வார்டில் 30 நோயாளிகள் இருக்கிறார்கள் என்பதை மட்டும் வைத்து எத்தனை செவிலியர் வேண்டும் என்று சொல்லிவிட முடியாது. நாளை டிஸ்சார்ஜ் ஆகப்போகிறவர் தானே எழுந்து குளியலறைக்குப் போய் வருகிறார். பக்கத்துக் கட்டிலில் பக்கவாதத்தில் விழுந்தவருக்கு மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். வாய் சுத்தம், யூரின் பை, படுக்கை விரிப்பு என்று வேலை தீராது. சென்சஸில் இருவரும் ஆளுக்கு ஒன்றுதான். இந்த வித்தியாசத்தைக் கணக்குக்குள் கொண்டுவரத்தான் நோயாளிகளைப் பணிச்சுமைப்படி பிரிக்கும் முறைகள் வந்தன. முறைகள் பல, உங்கள் வார்டுக்குப் பொருந்துவது அவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

நம் நாட்டில் எல்லோருக்கும் பழக்கமானது விகிதக் கணக்கு. மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவு வகுத்த அளவுகோலில் பொது வார்டில் 6 படுக்கைக்கு ஒரு செவிலியர், ஐ.சி.யு.வில் படுக்கைக்கு ஒருவர். விகிதத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. யாரும் எண்ணிப் பார்க்கலாம், ஏமாற்ற முடியாது. 2002இல் லிண்டா ஐக்கன் குழு பென்சில்வேனியா மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வில், ஒரு செவிலியருக்குக் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போது, அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. கலிபோர்னியா சட்டம் போட்டே 2005 முதல் மருத்துவ, அறுவை சிகிச்சை வார்டுகளில் 5 நோயாளிக்கு ஒரு செவிலியர் என்று ஆக்கியது. ஆனால் அங்கேயும் விகிதம் தரைமட்டம்தான். நோயாளிகளின் தேவையை அளந்து, அதற்கு மேல் ஆள் போட வேண்டும் என்பதும் அந்த விதியில் உண்டு. ஆகவே விகிதத்தை இதற்குக் கீழே போகக் கூடாது என்ற எல்லையாக வையுங்கள். இவ்வளவு போதும் என்பதற்கான அளவாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பொது வார்டுக்கு என் முதல் பரிந்துரை, இங்கிலாந்தில் புழங்கும் ‘சேஃபர் நர்சிங் கேர் டூல்’ போன்ற நிலை வகைப்பாடு. அதன் 2013 பதிப்பில் ஐந்தே பிரிவுகள். சாதாரண வார்டு கவனிப்பு போதும் என்றால் நிலை 0. உடல்நிலை எந்த நேரமும் மோசமாகலாம், அடிக்கடி பார்க்க வேண்டும் என்றால் 1-ஏ. உடல்நிலை சீராக இருந்தும் அன்றாடத் தேவை பெரும்பாலானவற்றுக்கு அடுத்தவர் கையை நம்பியிருப்பவர் 1-பி. ஒரு உறுப்புக்குத் தாங்கு சிகிச்சை நடப்பவர் 2. வென்டிலேட்டர், பல உறுப்புச் செயலிழப்பு என்றால் 3.

அந்தப் பதிப்பில் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெருக்கெண் உண்டு: 0.99, 1.39, 1.72, 1.97, 5.96. இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ரத்த அழுத்தம் ஏறி இறங்கும் நோயாளியைவிட, சீராகப் படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்குத்தான் ஆள் அதிகம் தேவைப்படுகிறது. ரவுண்ட்ஸில் டாக்டர் ஒரு நிமிடத்தில் கடந்துபோகும் கட்டில் அது. வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரிந்ததுதான். ஆனால் நிர்வாகத்துக்கு எண்ணாக எழுதிக் காட்டினால்தான் புரியும். 30 பேரும் நிலை 0 என்றால் கணக்கு 29.7 ஆள். அதே 30 பேரில் 14 பேர் நிலை 0, 6 பேர் 1-ஏ, 9 பேர் 1-பி, ஒருவர் நிலை 2 என்றால் ஏறக்குறைய 40. செவிலியரும் உதவியாளரும் சேர்த்து, எல்லா ஷிப்டுக்கும், விடுப்பு ஈடும் உள்ளடங்கிய மொத்த எண்ணிக்கை இது. ஒரே வார்டு, ஒரே படுக்கைகள், பத்து ஆள் வித்தியாசம்.

பிரிவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், பெருக்கெண்களை எடுக்காதீர்கள். அவை இங்கிலாந்து வார்டுகளில் அளந்தவை. நம் வார்டுகளில் கஞ்சி ஊட்டுவதும் உடம்பு துடைப்பதும் பெட்பேன் வைப்பதும் பல நேரம் கூட இருக்கும் மகளோ மனைவியோதான். அவர்கள் செய்வதால் அந்த நோயாளி நிலை 0 ஆகிவிட மாட்டார். தேவையை வைத்துப் பிரியுங்கள், யார் செய்கிறார்கள் என்பதை வைத்து அல்ல. இல்லையென்றால் அட்டெண்டர் இல்லாத அநாதை நோயாளி வரும் இரவில் கணக்கு உடைந்துபோகும். ஒவ்வொரு நிலைக்கும் எத்தனை நிமிடம் ஆகிறது என்பதை உங்கள் வார்டிலேயே அளந்து பெருக்கெண் போடுங்கள். இன்னொன்று, இது ஆண்டுக்கு இருமுறை சில வாரங்கள் கணக்கெடுத்து, வார்டுக்கு எத்தனை பணியிடம் வேண்டும் என்று முடிவு செய்யும் கருவி. இன்று நைட் டூட்டிக்கு யாரைப் போடுவது என்று கேட்டால் இது பதில் சொல்லாது.

அந்த அன்றாடக் கேள்விதான் உங்கள் தலைவலி என்றால் ஃபின்லாந்தின் ‘ரஃபேலா’வைப் பாருங்கள். மூச்சு-ரத்த ஓட்டம், உணவு-மருந்து, சுத்தம்-கழிவு, நடமாட்டம்-தூக்கம், கற்பித்தல்-மன ஆதரவு, திட்டமிடல் என்று ஆறு துறைகள். துறைக்கு 1 முதல் 4 புள்ளி. ஆகவே ஒரு நோயாளிக்கு 6 முதல் 24 வரை. டிஸ்சார்ஜுக்கு முன் இன்சுலின் போடச் சொல்லிக்கொடுக்கும் அரை மணி நேரத்துக்கும் இதில் இடம் இருக்கிறது. அதோடு அன்றைய வேலை சரியாக இருந்ததா, மிஞ்சியதா என்று செவிலியர்களே மதிப்பிடுகிறார்கள். அதிலிருந்து அந்த வார்டுக்கே உரிய, ஒரு செவிலியருக்கு இத்தனை புள்ளி என்ற அளவு கிடைக்கிறது. அருமையான முறை. ஆனால் தினமும் எல்லோருக்கும் புள்ளி போட வேண்டும், பயிற்சி வேண்டும். ஏற்கெனவே ஆள் பற்றாத வார்டில் இதைத் திணித்தால், ஷிப்ட் முடியும் நேரத்தில் எல்லாருக்கும் ஒரே புள்ளி விழும்.

ஐ.சி.யு.வுக்கு இவை இரண்டும் வேண்டாம். அங்கே ‘நாஸ்’ எனப்படும் நர்சிங் ஆக்டிவிட்டிஸ் ஸ்கோர் போதும். 2003இல் மிராண்டா குழு வெளியிட்டது. 23 வேலைகள், 100 புள்ளி என்றால் ஒரு செவிலியரின் முழு நேரம். பழைய ‘டிஸ்-28’ கருவி பெரும்பாலும் சிகிச்சையையே எண்ணியது. நாஸ் குளிப்பாட்டுவதையும், வெளியே காத்திருக்கும் குடும்பத்தாரோடு பேசுவதையும், எழுத்து வேலையையும் சேர்த்து எண்ணுகிறது. ஒரு நோயாளிக்கு 100ஐத் தாண்டினால் அவருக்கு ஒரு செவிலியர் பற்றாது என்பது வெளிப்படை.

எதை எடுத்தாலும், ஹேண்ட்ஓவரில் நோயாளியைப் பார்த்துக்கொண்ட செவிலியரே நிலை போடட்டும். மாதம் ஒருநாள் வேறு வார்டு சிஸ்டர் ஒருவர் வந்து, முன்பு போட்டதைப் பார்க்காமல் அதே நோயாளிகளுக்குத் தனியாக நிலை போடட்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், குறை எங்கே என்று அப்போதே உட்கார்ந்து பேசுங்கள்.

மருத்துவமனை நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். வார்டில் 1-பி கூடிவிட்டது என்று இன்சார்ஜ் சிஸ்டர் எழுதிக் காட்டும் நாளில் கூடுதல் ஆள் அனுப்ப வழி இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த வழியை ஏற்படுத்திவிட்டு, பிறகு படிவத்தை அச்சடியுங்கள்.