குதிகாலுக்குத் தரை, முழங்கைக்கு மேசை

பிற்பகல் நேரத்தில் ஓர் அலுவலகத்தின் மேசைகளுக்கு அடியில் பார்த்தால் கால்கள் பல கோலங்களில் இருக்கும். ஒருவர் ஒரு காலை மடித்து அதன் மேலேயே உட்கார்ந்திருப்பார். இன்னொருவர் நாற்காலியின் சக்கரத் தண்டுகள் மீது பாதங்களை ஏற்றியிருப்பார். மற்றொருவர் இருக்கையின் விளிம்புவரை நகர்ந்து வந்து கால்விரல் நுனியைத் தரையில் ஊன்றியிருப்பார். இதையெல்லாம் பழக்கதோஷம் என்று சொல்லிவிடுகிறோம். ஒழுங்காக உட்காரத் தெரியவில்லை என்று கடிந்துகொள்ளவும் செய்கிறோம். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. அந்தக் கால்கள் தரையைத் தேடுகின்றன. தரை எட்டாத அளவுக்கு இருக்கையை ஏற்ற வைத்தது எது என்று கேட்டால், விடை பெரும்பாலும் மேசையில் இருக்கிறது. நாற்காலியின் சரியான உயரத்தை நாற்காலியை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. கீழே தரை, மேலே மேசை, இரண்டுக்கும் நடுவில் ஓர் உடல். இந்த மூன்றும் ஒத்துப்போகும் இடம்தான் சரியான உயரம் என்பது என் வாதம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உட்கார்ந்த நிலையில் தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரையுள்ள அளவு, ஒருவரது முழு உயரத்தில் ஏறத்தாழக் கால் பங்கு. இந்தியப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 152 செ.மீ.; அப்படியானால் பின்மடிப்பு 38 செ.மீ. அளவில் இருக்கும். செருப்புக்கு 2 செ.மீ. சேர்த்தால் அவருக்கு இருக்கை 40 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். இருக்கையிலிருந்து அவர் முழங்கை சுமார் 21 செ.மீ. மேலே இருக்கும். ஆக, அவருடைய கைகள் இயல்பாக வேலை செய்யும் மட்டம் தரையிலிருந்து 61 செ.மீ. ஆனால் கடைகளில் கிடைக்கும் அலுவலக மேசை பெரும்பாலும் 75 செ.மீ. உயரம். 165 செ.மீ. உயரமுள்ள ஆணுக்கு இதே கணக்கைப் போட்டாலும் 66 செ.மீ. அளவில்தான் வரும். ஒருவருக்கு 14 செ.மீ., மற்றவருக்கு 9 செ.மீ. என்று மேசை இருவருக்குமே உயரம். நம் உடல் அளவுகள் தெரியாததால் வந்த நிலை இல்லை இது. அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனம் இந்தியர்களின் உடல் அளவுகளைத் தொகுத்து 1997இலேயே நூலாக வெளியிட்டது. அளவுகள் கையில் இருந்தும் மேசைகள் இறங்கவில்லை.

உயரம் தவறினால் என்ன கெடும்? இருக்கை மிக உயர்ந்தால் அதன் முன்விளிம்பு தொடையின் அடிப்பக்கத்தை அழுத்தும். இரத்த ஓட்டமும் நரம்பும் நெருக்கப்படுவதால் கால் மரத்துப்போகும், மாலையில் கணுக்கால் வீங்கும். அந்த அழுத்தத்திலிருந்து தப்பிக்க உடல் முன்னே நகரும். முதுகு சாய்மானத்தை இழக்கும். இருக்கை மிகத் தாழ்ந்தாலோ முழங்கால் இடுப்புக்கு மேலே போகும், இடுப்பெலும்பு பின்னால் சரியும், கீழ்முதுகின் இயல்பான வளைவு தட்டையாகும். போதாததற்கு, உயரமான மேசையை எட்டுவதற்காகத் தோள்பட்டை நாள் முழுவதும் தூக்கியே நிற்கும். கழுத்தடியில் வரும் இறுக்கத்துக்குப் பெரும்பாலும் திரையைத்தான் குற்றம் சொல்கிறோம். தூக்கி நிற்கும் தோளை யாரும் பார்ப்பதில்லை.

அறிஞர்களே இதில் ஒத்த கருத்தோடு இல்லையே என்று ஒருவர் கேட்கலாம். கேட்பது நியாயம்தான். ஸ்வீடனின் பெங்ட் ஓகர்புளோம் 1948இல், நாற்காலிகள் தொடையை அழுத்தும் அளவுக்கு உயரமாக இருக்கின்றன, தாழ்த்த வேண்டும் என்றார். பின்னாளில் டென்மார்க்கின் அறுவை மருத்துவர் மண்டால், இருக்கையை உயர்த்தி முன்பக்கம் சரித்து அமைக்க வேண்டும் என்றார். எதிரெதிராகத் தெரியும் இந்த இரண்டையும் சற்று உற்றுப் பார்த்தால் கவலை ஒன்றுதான் என்பது புரியும். முன்பக்கம் சரிந்த இருக்கையில் தொடையும் சேர்ந்து சரிவதால், உயரம் கூடினாலும் விளிம்பு அழுத்தாது. முதுகெலும்பின் வட்டுகள் மீது விழும் அழுத்தம் பற்றியும் இப்படியொரு கருத்து வேறுபாடு உண்டு. உட்காரும்போது அது நிற்பதைவிட மிகுதி என்று ஸ்வீடனின் நாகெம்சன் அளந்து சொன்னார். 1999இல் ஜெர்மனியில் வில்கேயின் குழு ஒரு தன்னார்வலரிடம் அளந்தபோது, தளர்வாக உட்கார்ந்த நிலையில் அப்படித் தெரியவில்லை. ஆகவே வட்டின் அழுத்தத்தை நான் என் வாதத்துக்கு அடித்தளமாக்கவில்லை. தொடையில் விளிம்பு அழுத்துவதையும் தோள் ஏறி நிற்பதையும் அறிவதற்குக் கருவி வேண்டியதில்லை. உட்கார்ந்திருப்பவரே உணர முடியும்.

சரி, மேசையை வெட்ட முடியாது, என்ன செய்வது? பாதம் தரையில் பதியும்வரை நாற்காலியை இறக்குங்கள் என்பதே பலரும் சொல்லும் அறிவுரை. மேசையின் உயரத்தை மாற்ற முடியுமானால் அது சரி. மாற்ற முடியாத மேசை என்றால் அந்த அறிவுரை காலைக் காப்பாற்றித் தோளைப் பலிகொடுக்கிறது. அங்கே வரிசையை மாற்ற வேண்டும் என்பேன். முதலில் கை, பிறகு கால். தோள் தளர்ந்து, முழங்கை உடலோடு ஒட்டித் தொங்கி, முன்கை மேசையில் சமமாக அமரும்வரை இருக்கையை ஏற்றிக்கொள்ள வேண்டும். தொங்கும் கால்களுக்குத் தரையை உயர்த்த வேண்டும். மேசையை இறக்குவது கடினம். தரையை ஏற்றுவது எளிது. மேலே சொன்ன 152 செ.மீ. பெண்ணுக்கு இருக்கை 54 செ.மீ. வரை ஏறினால், 14 செ.மீ. உயரமுள்ள ஒரு பலகை போதும். வீட்டில் சும்மா கிடக்கும் மணைப்பலகைகூட, உயரம் பொருந்தினால், இந்த வேலையைச் செய்யும். இரு பாதங்களும் முழுதாகப் பதியும் அகலம் இருக்க வேண்டும், வழுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

விலை உயர்ந்த நாற்காலி வாங்கினால் இந்தத் தொல்லை தீராதா என்பது அடுத்த கேள்வி. தீராது. லீவரை அழுத்தினால் ஏறி இறங்கும் நாற்காலிகள் பலவும் 42 அல்லது 45 செ.மீ.க்குக் கீழே இறங்குவதில்லை. 40 செ.மீ. தேவைப்படுபவருக்கு, எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கியிருந்தாலும், அது உயரமான நாற்காலிதான். எனவே வாங்கும்போது மெத்தையையும் சாய்மானத்தையும் பார்ப்பதற்கு முன்னால், எதுவரை இறங்கும், எதுவரை ஏறும் என்ற இரண்டு எண்களைக் கேட்க வேண்டும். கைதாங்கி மேசைக்கு அடியில் நுழையுமா என்றும் பார்க்க வேண்டும். நுழையாவிட்டால் நாற்காலி தள்ளியே நிற்கும், கை நீட்டியே இருக்கும். மேசைக்கு நடுவில் இழுப்பறை இருந்தால் ஏற்றிய இருக்கையில் தொடை இடிக்கும். அத்தகைய மேசையைத் தவிர்ப்பதே நல்லது.

நாம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வளர்ந்தவர்கள், நமக்கு எதற்கு இந்த அளவெல்லாம் என்றும், எந்த நிலையானாலும் அடிக்கடி அசைந்தால் போதும் என்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பதற்கு ஈடாக எந்த உயரமும் ஆகாது. ஆனால் அசைவதற்கும் ஓர் ஊன்றுகோல் வேண்டும். பாதம் பதிந்திருந்தால்தான் இடுப்பை நகர்த்தலாம், பின்னால் சாயலாம், எளிதாக எழலாம். கால் தொங்கும்போது உடல் இருந்த இடத்திலேயே சிறைப்படுகிறது. தரையில் சம்மணமிடும்போது தொடைக்கு அடியில் முழுவதும் தரை இருக்கிறது. குறுகிய இருக்கையில் சம்மணமிட்டால் முழங்கால்கள் அந்தரத்தில் நிற்கும். விரும்பிச் சிறிது நேரம் அப்படி உட்காருவதில் தவறில்லை. வேறு வழியின்றி நாள் முழுவதும் அப்படி உட்கார்ந்தால் உயரத்தைச் சரிபார்க்க வேண்டும்.

சரிபார்ப்பது இரண்டு நிமிட வேலை. வழக்கமாகப் போடும் செருப்போடு நாற்காலிக்கு முன்னால் நின்றால், இருக்கையின் மேல்மட்டம் முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். அதுதான் தொடக்கம். பிறகு முதுகு சாய்மானத்தைத் தொடும்படி உட்கார்ந்து, முன்விளிம்புக்கும் தொடைக்கும் நடுவே உள்ளங்கையைச் செலுத்துங்கள். சிரமமின்றி நுழைய வேண்டும். விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கட்டும். எல்லா மூட்டுகளும் 90 பாகையில் நிற்க வேண்டும் என்று படங்களில் காட்டுவதை வேதமாகக் கொள்ள வேண்டாம். இடுப்புக்கோணம் சற்று விரிந்திருப்பதே கீழ்முதுகுக்கு இதம். மெத்தை எடையில் அமுங்கும் என்பதால் வெற்று நாற்காலியை அளந்து முடிவு செய்யாமல், உட்கார்ந்த நிலையிலேயே அளக்க வேண்டும். மடிக்கணினி என்றால் திரையைத் தூக்கி வைத்துத் தனிக் கீபோர்டு இணைத்துக்கொள்ளுங்கள். கைக்கும் கண்ணுக்கும் ஒரே உயரம் பொருந்தாது.

கடைசியாக, ஒரே நாற்காலியில் ஷிஃப்டுக்கு ஒருவர் உட்காரும் இடங்கள். தமக்குச் சரியான உயரத்தை ஒருமுறை கண்டுபிடித்தவர், மேசைக்காலில் அந்த மட்டத்தில் ஒரு சிறு ஒட்டுநாடாவை ஒட்டி வைத்தால், அடுத்த நாள் தேட வேண்டியதில்லை. நிறுவனங்கள் செய்ய வேண்டியதும் அதிகமில்லை: லீவரை எப்படிப் பயன்படுத்துவது என்று முதல் நாளே காட்டுவது, கேட்பவருக்கெல்லாம் கால்பலகை தருவது. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டத்திருத்தம் கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடு. உட்கார இடம் உரிமை என்று ஏற்றுக்கொண்ட பிறகு, அந்த இடத்தில் உட்கார்ந்தவரின் கால் தரையைத் தொடுகிறதா என்று குனிந்து பார்ப்பது அடுத்த படி. மேசைக்கு அடியில் மடிந்தும் தொங்கியும் கிடக்கும் கால்கள் கேட்பது ஒரு சாண் பலகையைக்கூட அல்ல, அதில் ஏறத்தாழப் பாதியைத்தான்.