என்பின் நுண்ணமைப்பைக் காணும் முறை

ஈரல், தசை போன்ற மெல்லிழையங்களை மெழுகிற் பதித்து, 0.005 மில்லிமீற்றர் தடிப்பிற் சீவி நுணுக்குக்காட்டியிற் காண்பது இலகு. என்போ கத்திக்கு இணங்குவதன்று. உலர்ந்த என்பின் நிறையில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு கல்சியம், பொசுபேற்று ஆகியவற்றாலாய உப்பு. எஞ்சியதிற் பெரும்பகுதி கொலாசன் நார். கோழி என்பொன்றைச் சில நாட்கள் வினாகிரியில் ஊறவிட்டால் அது இறப்பர்போல வளையும். மற்றொன்றைத் தீயிலிட்டால் உருவம் மாறாது. விரல் பட்டதும் நொறுங்கும். முன்னதில் உப்பு நீங்கியது. பின்னதில் நார் எரிந்தது.

உப்பை நீக்கிச் சீவுவதே ஆய்வுகூடங்களிற் பெருவழக்கு. சில மில்லிமீற்றர் தடிப்பாக அரிந்த துண்டை 10 வீதப் போமலினில் நன்கு பதப்படுத்திய பின்னரே அமிலத்தில் இடல் வேண்டும். பதப்படாத இழையத்தை அமிலம் சிதைத்துவிடும். 5 வீத நைத்திரிக்கமிலம் சிறு துண்டுகளை ஓரிரு நாட்களில் மென்மையாக்கும், போமிக்கமிலத்துக்குப் பல நாட்கள் வேண்டும், ஈ.டி.ரி.ஏ. வாரக்கணக்கிற் செல்லும். விரைவானதே சிறந்ததென மாணவர் எண்ணுவர். நாம் அவ்வாறு எண்ணோம். அமிலத்தில் அளவுக்கு மிஞ்சிக் கிடந்த கலங்களின் கருக்கள் ஈமடொட்சிலினின் நீலச்சாயத்தை ஏற்கமாட்டா. புற்றுநோயென ஐயுற்றுக் கால் என்பிலிருந்து எடுத்த துண்டாயின், நோயாளியின் சிகிச்சை அக்கருக்களின் தோற்றத்தைப் பெரிதும் பொறுத்தது. துண்டு கெட்டால் அவர் மீண்டும் அறுவைக்கு உட்படல் வேண்டும்.

ஆகவே எப்போது நிறுத்துவது என்பதை அறிதல் அவசியம். ஊசியாற் குத்திப் பார்ப்பது இழையத்தைக் கிழிக்கும். ஊறிய அமிலத்திற் சிறிதெடுத்து அமோனியாவால் நடுநிலையாக்கி, அமோனியம் ஒட்சலேற்றுச் சேர்க்குக. வெண்மையாகக் கலங்கினால் கல்சியம் இன்னும் கரைகின்றது. அமிலத்தைப் புதுக்கி மேலும் ஊறவிடல் வேண்டும். கதிர்ப்படம் எடுக்க வசதியிருப்பின் அதுவே மேல்.

தேய்ப்பு முறையில் அமிலம் இல்லை. உலர்ந்த என்பை வாளால் மெல்லிதாக அரிந்து, நீர்விட்டுச் சாணைக்கல்லில் 0.1 மில்லிமீற்றரிலும் மெல்லிதாகும்வரை தேய்க்கவேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். பின்னர் தடித்த கனடாப் பிசினில் விரைந்து பதித்தால், என்பின் நுண்குழிகளிற் காற்றுத் தங்கி, அவை கால் விரித்த கருஞ்சிலந்திகள்போலத் தோன்றும். நீர்த்த பிசினோ உட்புகுந்து காற்றை விரட்ட, அக்காட்சி மறைந்துவிடும். 1691இல் குளொப்ரன் அவேர்சு விவரித்த கால்வாய்களைச் சூழ்ந்த வளையங்களும் இதிற் தெளிவாகும். ஆயினும் இங்கே காண்பது கலங்கள் குடியிருந்த அறைகளையே, கலங்களை அன்று.

விற்றமின் டி குறைவால் என்பு மென்மையுறும் நோயில் உப்பேறாத பகுதியை அளக்கவேண்டும். அமிலமிட்டால் எல்லாம் உப்பற்றதாகிவிடும். ஆதலால் துண்டைக் கடினமான பிளாத்திக்குப் பிசினிற் பதித்து, வலிய கத்தியாற் சீவுவர். துண்டை எடுக்குமுன் நோயாளிக்குச் சில நாள் இடைவெளியில் இருமுறை தெத்திராசைக்கிளின் கொடுத்திருப்பின், ஊதாக்கடந்த ஒளியில் இரு மஞ்சட் கோடுகள் தோன்றும். அவற்றுக்கு இடைப்பட்ட தூரத்தை நாட்களால் வகுத்தால், நாளொன்றுக்கு எவ்வளவு என்பு உப்பேறியதென்பது கிடைக்கும்.