ஒரு மனுவுக்கு ஒரு குறை

திருத்தணி ம.பொ.சி. சாலைக்குப் பின்னால் ஒரு ஒண்டுக்குடித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசையாக ஆறு அறை, முற்றத்தில் ஒரு குழாய், கோடியில் ஒரு கக்கூஸ். கடைசி அறையில் எழுபது தாண்டிய ஆயா ஒருவர் தனியாக இருக்கிறார். கழிவுநீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது. ஏற்றிய வாடகையைத் தர முடியாது என்றதற்கு வீட்டுக்காரர் கரண்டை நிறுத்திவிட்டார். முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப்போட்டு வருஷம் ஒன்றாகிறது. நகரியில் இருக்கும் மகன் எட்டிப் பார்ப்பதில்லை. பக்கத்து அறைப் பையன் நல்ல மனசோடு இத்தனையையும் ஒரே தாளில் எழுதி நகராட்சி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வருகிறான்.

அதன் பிறகு நடப்பதை ஊகிப்பது எளிது. சுகாதாரப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து தொட்டியைப் பார்ப்பார், லாரி வரும், மனுவின் மேல் ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். கரண்டு, உதவித்தொகை, மகன் மூன்றும் அப்படியே கிடக்கும். இதற்காக நகராட்சியைத் திட்டிப் பயனில்லை. அதன் அதிகாரம் கட்டடத்தோடும் தெருவோடும் நின்றுவிடுகிறது. உள்ளே வாழும் மனுஷியின் வாடகையும் வயிறும் வருவாய்த் துறையிலும் சமூக நலத் துறையிலும் இருக்கின்றன.

ஆகவே முதல் வேலை, பேனாவை எடுப்பதற்கு முன், குறைகளைப் பிரிப்பது. கட்டடம், வாடகை, பிள்ளைகள், பணம் என்று நான்கு தாள் போடுங்கள். ஒவ்வொன்றும் வேறு மேசைக்குப் போகும். இரண்டு குறை ஒரே அலுவலகத்துக்குப் போனாலும் தாள் இரண்டாகவே இருக்கட்டும்.

நகராட்சிக்கு எழுத வேண்டியது

கழிப்பறை, கழிவுநீர்த் தொட்டி, சாக்கடை, குடிநீர், குப்பை, இடிந்து விழும் நிலையிலுள்ள சுவர். இவை மட்டும்தான். மனு நகராட்சி ஆணையாளர் பெயருக்குப் போகட்டும். நகல் ஒன்று வார்டு கவுன்சிலருக்கு. கட்டடத்தின் கதவு எண்ணும், கிடைத்தால் சொத்துவரி எண்ணும் மனுவில் இருந்தால், ‘எந்த வீடு என்று தெரியவில்லை’ என்ற பதில் வராது. தங்குவிடுதிகளையும் சுகாதாரக் கேடுகளையும் கண்காணிக்க உள்ளாட்சிக்கு 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமே அதிகாரம் தந்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் பெயரை மனுவில் ஒரு வரி எழுதினால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை.

தொட்டியை ஆளை இறக்கிச் சுத்தம் செய்வது 2013 சட்டப்படி குற்றம். வீட்டுக்காரர் செலவைக் குறைக்க அப்படி யாரையாவது கூட்டிவந்தால் தடுத்துவிட்டு 14420 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

எழுதிக் கேட்பதோடு வாயாலும் கேட்க ஓர் இடம் உண்டு: பகுதி சபா. கிராமசபை போல நகரத்துக்கு வந்தது இது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று தமிழ்நாட்டு நகரங்களில் முதன்முதலாகக் கூடியது. எப்போது கூடுகிறது என்று கவுன்சிலரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் நடுவே ஆயா எழுந்து நின்று ‘ஆறு குடித்தனத்துக்கு ஒரு கக்கூஸ்’ என்று சொன்னால் அதற்கு உள்ள கனம் தாளுக்கு இல்லை. சொன்னது கூட்டக் குறிப்பில் ஏறியதா என்பதை மட்டும் உடனே பார்த்துவிடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘கட்டடம் ஆபத்தான நிலையில் உள்ளது’ என்று ஆவேசமாக எழுதினால், ஆபத்தான கட்டடத்தைக் காலி செய்யச் சொல்வதும் நகராட்சியின் கடமைதான். குறை சொன்னவரே முதலில் தெருவுக்கு வர நேரும். நிஜமாகவே சுவர் விழப்போகிறது என்றால் எழுதித்தான் ஆக வேண்டும். உயிரைவிட அறை பெரிதில்லை. ஓடு ஒழுகுவதற்கு ‘பழுது பார்க்க உத்தரவிட வேண்டும்’ என்ற சொல்லே போதும்.

வாடகைத் தகராறு: கோட்டாட்சியர் அலுவலகம்

திருத்தணி ஒரு வருவாய்க் கோட்டம் என்பது இங்கே பெரிய வசதி. வாடகைக்கும் பிள்ளைகள் மீதான மனுவுக்கும் திருவள்ளூர் ஓட வேண்டாம்.

தமிழ்நாட்டில் வீட்டுக்காரர், குடியிருப்பவர் இருவரின் உரிமைக்கும் பொறுப்புக்குமான 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. நகராட்சி எல்லைக்குள் உள்ள வீடுகளுக்கு இது பொருந்தும். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அரசின் இணையதளம் வழியாக வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். அந்த அதிகாரி துணை ஆட்சியர் நிலையில் உள்ளவர். மாவட்டங்களில் பெரும்பாலும் கோட்டாட்சியர்தான்.

ஒண்டுக்குடித்தனத்தில் ஒப்பந்தம் எழுதுவது யார் என்று சிரிப்பீர்கள். வாய்ப்பேச்சு, மாசம் பிறந்தால் கையில் காசு, ரசீது கிடையாது. இதில்தான் முதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பதிவில்லாத வாடகையோடு போனால் இந்தச் சட்டத்தின் முழுப் பயனும் கிடைப்பது கடினம். ஒப்பந்தம் எழுதிக் கேளுங்கள். வீட்டுக்காரர் மறுத்தால், இந்த மாசத்திலிருந்தே வாடகையை வங்கிக் கணக்கிலோ ஜிபேயிலோ கட்டுங்கள். ஆயாவிடம் போன் இல்லையென்றால் பேரனோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ அனுப்பட்டும், ‘ஜூன் மாத வாடகை, கடைசி அறை’ என்று குறிப்போடு. பிறகு சாட்சி தேட வேண்டியிருக்காது.

சட்டம் சொல்வதில் நினைவில் வைக்க வேண்டியவை சில. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாத வரை, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. வீட்டுக்காரர் அறைக்குள் வர 24 மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும். கட்டடப் பழுது, சுவருக்கு வெள்ளை, வயரிங் எல்லாம் அவர் பொறுப்பு. குழாய் வாஷர் போவது போன்ற சில்லறைச் செலவு குடியிருப்பவருடையது. தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி ஆளைக் கிளப்பப் பார்ப்பது சட்டத்துக்கு விரோதம். இதற்கு மட்டும் தனித் தாளில் எழுதி, ‘விசாரணை முடியும்வரை இணைப்பைத் திரும்பக் கொடுக்க இடைக்கால உத்தரவு வேண்டும்’ என்று கேளுங்கள். இந்த ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டால் விசாரணை முடியும்வரை இருட்டில்தான் இருக்க வேண்டும்.

ஆடிக் கிருத்திகை சமயத்தில் திருத்தணியில் காலி அறைக்கு என்ன கிராக்கி என்று சொல்ல வேண்டியதில்லை. ‘காவடிக்காரர்களுக்கு விடணும், நாலு நாள் எங்கேயாவது போய் இருந்துட்டு வாங்க ஆயா’ என்று யாராவது கேட்டால், வாடகை கொடுத்துக் குடியிருப்பவர் போக வேண்டிய கட்டாயம் இல்லை. கோயில் மனையிலோ அறக்கட்டளை மனையிலோ இருக்கும் வீடுகளுக்கு மட்டும் கவனம்: அவற்றில் சிலவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாமல் போகலாம். வாடகை ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

பிள்ளைகள் மீதான மனு

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. தீர்ப்பாயத்துக்குத் தலைவர் கோட்டாட்சியர். மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம், 60 நாளுக்குள். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. மாவட்ட சமூக நல அலுவலர் பராமரிப்பு அலுவலராக உங்கள் பக்கம் நின்று பேசலாம். எழுதத் தெரியாதவர் சார்பில் அவர் ஒப்புக்கொண்ட வேறொருவரோ ஓர் அமைப்போ மனுக் கொடுக்கலாம். மாசத்துக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை உத்தரவாகும். நோட்டீஸ் போன 90 நாளுக்குள் முடிக்க வேண்டும். மிஞ்சினால் இன்னும் 30 நாள். பிள்ளை இல்லாதவர்கள், தங்கள் சொத்தை அனுபவிப்பவர் அல்லது பின்னால் அடையப் போகிறவரான உறவினர் மீது மனுப் போடலாம். இதைப் பலர் அறியாமலே இருக்கிறார்கள்.

எல்லை ஊர்க்காரர்களுக்கு ஒரு சந்தேகம் வரும்: மகன் நகரியிலோ புத்தூரிலோ இருக்கிறானே, ஆந்திராவுக்குப் போய் மனுப் போடணுமா? வேண்டாம். தாய் வசிக்கும் மாவட்டத்திலும் போடலாம், மகன் வசிக்கும் மாவட்டத்திலும் போடலாம். முட்டிவலியோடு இருக்கும் ஆயாவுக்குத் திருத்தணியே போதும். மகனின் முழு முகவரியையும் வேலை செய்யும் இடத்தையும் மட்டும் சரியாகத் தேடிக் கொடுங்கள். நோட்டீஸ் திரும்பி வந்தால் மாதங்கள் வீணாகும்.

சொத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வாடகை அறைக்கு வந்தவர்கள் கதைதான் கனமானது. ‘பார்த்துக்கொள்வேன்’ என்ற பேச்சின் மேல் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்து, பதிவு முடிந்த மறுவருஷம் வெளியே வந்தவர்கள். 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் ரத்து செய்ய வழி தருகிறது. நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொன்னது. இந்தச் சட்டத்தை மூத்தவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில் சொன்னது. நீதிமன்றம் எப்படிப் பார்க்கும் என்று காத்திருப்பதைவிட, இனி எழுதுபவர்கள் பத்திரத்திலேயே ‘என் ஆயுள்வரை உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் தர வேண்டும், தவறினால் இந்தப் பத்திரம் செல்லாது’ என்று ஒரு வரி சேர்த்துவிடுவது மேல். ‘பெத்த பிள்ளைகிட்ட எப்படி அதை எழுதச் சொல்றது’ என்று தயங்காதவர்கள் குறைவு. நல்ல பிள்ளைக்கு அந்த வரியால் ஒரு நஷ்டமும் இல்லை.

பழைய சொத்தாக இருந்தால் இன்னொரு சிக்கல். திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. தாத்தா காலத்துப் பத்திரம் தெலுங்கில் இருப்பது சகஜம். மூலத்தோடு தமிழ் மொழிபெயர்ப்பும் இணைத்துக் கொடுங்கள்.

சட்ட உதவி வேண்டுமென்றால் நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசம்.

உதவித்தொகை

முதியோர் உதவித்தொகை 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2023 ஆகஸ்டிலிருந்து 1,200. அறுபது நிறைந்த ஆதரவற்றோருக்கு. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியருக்குப் போகும். வாடகை அறைக்காரர்களின் விண்ணப்பம் பெரும்பாலும் விழுவது முகவரியில்தான்: ஆதாரில் மகன் வீட்டு முகவரி, ரேஷன் அட்டையில் இன்னமும் அந்தக் குடும்பத்தோடு பெயர். ‘மகன் ஆதரவு உண்டு’ என்று எழுதி நிராகரித்துவிடுவார்கள். முதலில் ரேஷன் அட்டையைப் பிரித்து, ஆதார் முகவரியை மாற்றிவிட்டு, பிறகு விண்ணப்பியுங்கள்.

இல்லத்தில் சேர்ப்பதானால்

அறையில் தனியாக இருக்கவே முடியாது என்ற நிலை வந்தால் பதிவு பெற்ற முதியோர் இல்லம் எது என்று மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள். இல்லத்தில் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லி, அதில் முடிவுத் தேதியைப் படியுங்கள். 2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில், ஒரு வண்டியில் சடலத்தோடு முதியவர்களும் ஏற்றிவரப்பட்டதாகச் செய்தி பரவியபோது, அதிகாரிகள் அங்கிருந்த காப்பகத்துக்குள் போனார்கள்; இருந்தவர்கள் வேறு இல்லங்களுக்கு மாற்றப்பட்டார்கள். சேவை என்ற பெயர் இருப்பதால் ஆவணம் பார்க்கக் கூச்சப்பட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். பெண்கள் மட்டும் தங்கும் விடுதியோ இல்லமோ என்றால் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியரின் உரிமம் இருக்க வேண்டும்.

முன்கூட்டிச் சொல்லாமல் மதியச் சாப்பாட்டு வேளையில் போங்கள். வரவேற்பறையில் உட்கார வைத்தால் எழுந்து கழிப்பறையைப் பாருங்கள். அங்கே இருப்பவர்களின் கை நகம், தலைமுடி, படுக்கை விரிப்பு மூன்றும் நிர்வாகி சொல்வதைவிட அதிகம் சொல்லும். தெலுங்கு மட்டும் பேசுகிற அவ்வாவைச் சேர்ப்பதானால் அங்கே தெலுங்கு புரிந்த ஒருவராவது இருக்கிறாரா என்று கேளுங்கள். வாய்விட்டு வலியைச் சொல்ல முடியாத இடத்தில் சோறு மட்டும் கிடைத்து என்ன?

சோறு என்றதும் ஒன்று. மலைமேல் முருகன் கோயிலில் நாள் முழுக்க அன்னதானம் நடக்கிறதே என்று சில பிள்ளைகள் பெரியவர்களை அந்த நம்பிக்கையில் விட்டுப் போகிறார்கள். 365 படியை இந்த வயதில் தினம் ஏற முடியுமா என்பது அவர்களுக்கே தெரியும். தெருவில் விடப்பட்டவரைப் பார்த்தாலோ அடி உதை என்று கேள்விப்பட்டாலோ 14567-க்குப் பேசுங்கள்; மூத்த குடிமக்களுக்கான உதவி எண் அது. பாதுகாக்க வேண்டியவர்களே முதியவரைக் கைவிட்டுப் போவதற்கு மூன்று மாதம்வரை சிறை உண்டு.

கொடுத்த பிறகு

ஒப்புகைச் சீட்டு இல்லாமல் எந்த மேசையையும் விட்டு நகராதீர்கள். சீல் போட மறுத்தால் அதே மனுவை விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதை மனு நகலோடு குத்தி வையுங்கள். ஒரு மாசம் ஆகியும் அசைவில்லை என்றால் திங்கட்கிழமை திருவள்ளூர் ஆட்சியரகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். முன்பு கொடுத்த மனுவின் எண்ணையும் தேதியையும் முதல் வரியிலேயே எழுதுங்கள். முதல்வரின் உதவி மையத்துக்கு 1100. ‘என் மனு மேல் என்ன நடவடிக்கை’ என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஆயாவின் முதல் தாள் இவ்வளவு இருந்தால் போதும்:

‘ஐயா, மேற்கண்ட கதவு எண்ணில் ஆறு குடித்தனங்கள் வாடகைக்கு இருக்கிறோம். பொதுக் கழிப்பறையின் தொட்டி மூன்று வாரமாக நிரம்பி முற்றத்தில் வழிகிறது. எனக்கு வயது 72. வீட்டு உரிமையாளரிடம் இருமுறை சொல்லியும் சுத்தம் செய்யவில்லை. நேரில் ஆய்வு செய்து, இயந்திரம் மூலம் தொட்டியைச் சுத்தம் செய்யவும், கழிப்பறையைப் பழுது பார்க்கவும் உரிமையாளருக்கு உத்தரவிட வேண்டுகிறேன்.’

கீழே கையெழுத்தோ கைநாட்டோ, தேதி, போன் எண். மற்ற ஐந்து குடித்தனமும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் வீட்டுக்காரர் ஆயாவை மட்டும் தனியாகக் குறிவைக்க முடியாது. கரண்டைப் பற்றி இந்தத் தாளில் ஒரு வார்த்தையும் வேண்டாம்.